கொள்ளைநோயும் காலின் நோயும்

தமிழ்ப் புலவர் தெய்வத்தைப் பாடப் புகுந்தால் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிப்பர். அம்முறைக்குப் பாதாதிகேசம் என்பது பெயர். மருத்துவமனையிலோ அம்முறை தலைகீழாய் அமைந்துவிடுகிறது. தலையும் நெஞ்சும் வயிறும் ஆராயப்பட்ட பின்னரே பார்வை காலுக்கு இறங்குகிறது. பல வேளைகளில் போர்வையின் விளிம்போடு நின்றும் விடுகிறது. சாதாரண காலத்தில் இதனால் விளையும் கேடு சிறிதாயிருக்கலாம். கொள்ளைநோய்க் காலத்திலோ இவ்வழக்கம் காலையும் கொள்ளும், உயிரையும் கொள்ளும். வைரஸ் என்னும் நச்சுக்கிருமியால் வரும் நோய், காலின் இரத்தக்குழாய்கள் முன்னரே கடுமையாக அடைபட்டுள்ளாரை எங்ஙனம் தாக்குகிறது, அக்கேட்டில் கிருமியின் பங்கு எவ்வளவு, மனிதராகிய நம் பங்கு எவ்வளவு என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாம் மருத்துவம் பயில்வோமல்லோம், தமிழ் பயில்வோம். ஆயினும், மருத்துவர் ஆய்ந்து வெளியிட்டவற்றைப் படித்தறிந்து, பொதுமக்கள் செய்யத்தக்கது இன்னது என்று எடுத்துரைத்தல் கற்பார் யாவர்க்கும் உரிய கடமையன்றோ?

முதற்கண் காலின் நோய் இன்னதென அறிதல் வேண்டும். இதயத்தினின்று பிராணவாயு நிறைந்த இரத்தத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் குழாய்களைத் தமனிகள் என்பர். முதுமை, புகைபிடித்தல், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு என்னும் இவற்றால் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகும். இது கால்களுக்குச் செல்லும் தமனிகளில் நேருமாயின் புறத்தமனி நோய் எனப் பெயர் பெறும். 2015ஆம் ஆண்டில் இந்நோயுடையார் உலகில் 23 கோடிக்கு மேற்பட்டோர் என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபொந்தேன் 1954இல் இதனை நான்கு நிலைகளாகப் பகுத்தார். முதல் நிலையில் நோயாளிக்கு யாதொரு துன்பமும் தோன்றாது. இரண்டாம் நிலையில் சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி தீரும். மூன்றாம் நிலையில் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாலன்றி உறக்கம் வாராது. நான்காம் நிலையில் ஆறாப் புண் தோன்றும். விரல்கள் கருகி அழுகும். பின்னிரண்டு நிலைகளையே இக்கட்டுரையில் கடுமையான நோய் என்கின்றோம்.

கணுக்காலில் அளந்த இரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்து இந்நோயின் கடுமையை மதிப்பிடுதல் மருத்துவர் வழக்கம். நல்ல உடலில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாதலின் ஈவு 1ஐ ஒட்டி நிற்கும். அது 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் நோய் உண்டென்பர், 0.40க்குக் கீழ் இறங்கின் கடுமையான அடைப்பென்பர். நீரிழிவுடையாருள் சிலர்க்குக் குழாய் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் அவ்வெண் பொய்யாக உயர்ந்து காட்டுதலும் உண்டு. கடுமையான நோயில் பெருவழி அடைபட்டுக் கிடக்க, அதன் பக்கத்தே கிளைத்த சிறு குழாய்களின் வழியாகவே பாதத்திற்கு இரத்தம் கசிந்து செல்கிறது. ஆறு வற்றிய கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்து வாழும் ஊரினை அக்கால் ஒக்கும். ஊற்று உள்ளவரை ஊர் உண்டு. ஊற்றுத் தூர்ந்தால் அவ்வூருக்கு வேறு புகலில்லை.

இனி, வைரஸ் செய்வது யாதென நோக்குவோம். குழாய்க்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்னும் கொள்கை, 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் விர்க்கோவின் பேரால் வழங்கி வருகிறது. ஓட்டம் தளர்தல் ஒன்று. குழாயின் உட்சவ்வு கேடுறுதல் ஒன்று. இரத்தத்தின் உறையும் இயல்பு மிகுதல் ஒன்று. கடுமையான புறத்தமனி நோயாளிக்கு முதலிரண்டும் முன்னரே வாய்த்துள்ளன. வைரஸ் நோய் மூன்றாவதைக் கொணர்ந்து சேர்ப்பதோடு, முன்னைய இரண்டையும் வலுப்படுத்துகிறது. கிருமியை எதிர்ப்பதற்கு உடல் எழுப்பும் அழற்சி, உறைதற்குரிய பொருள்களை இரத்தத்தில் மிகுவிக்கும், தட்டணுக்களைத் தூண்டும், சுவரிற் படிந்த கொழுப்புப் படிவு வெடித்தற்கும் இடங்கொடுக்கும்.

இது வெறுங் கற்பனையன்று. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்து ஆராய்ச்சியாளர் 2018இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இன்புளுவென்சா சுரம் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட பின் ஏழு நாட்களுள் மாரடைப்பு நேர்வது, பிற நாட்களைவிட ஆறு மடங்கு மிகுந்திருந்தது என்பதே அது. இதயத்தின் தமனியை அடைக்கும் நோயும் காலின் தமனியை அடைக்கும் நோயும் ஒரே குலத்தவை. ஒன்றுக்கு வரும் இடர் மற்றொன்றுக்கும் உரியதே. பின்னர்க் கொரோனா வைரஸ் பரவியபொழுது, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மருத்துவர் 2020 ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் எழுதியதாவது: அந்நோயால் தாக்குண்டாருடைய பல உறுப்புக்களில் இரத்தக்குழாய்களின் உட்சவ்வே அழற்சியுற்றிருந்தது. மூச்சின் நோயென்று உலகம் எண்ணியது குழாயின் நோயுமாயிற்று.

அடைப்பு முழுவதும் நேராவிடினும் கால் கேடுறுதற்கு வேறு வழிகளும் உள. காய்ச்சல் உடலின் பிராணவாயுத் தேவையை மிகுவிக்கும்; நுரையீரல் நோயுற்றால் இரத்தத்தில் அவ்வாயு குறையும். வியர்வையாலும் உணவு கொள்ளாமையாலும் நீர் வற்றி இரத்தம் கெட்டிப்படும். நோய் முற்றி இரத்த அழுத்தம் தாழுமாயின், குறுகிய வழியைத் தாண்டிப் பாதத்தை அடையும் விசை இராது. தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் மருந்துகளுட் சில கைகால்களின் சிறு குழாய்களைச் சுருக்கியே அதனைச் செய்கின்றன. நெடுநாட் படுக்கையால் குதிகாலில் அழுத்தப் புண் உண்டாகும். அடைபட்ட காலில் அப்புண் எளிதில் ஆறாது. நல்ல காலுடையார் இவையனைத்தையும் தாங்கி எழுவர். ஊற்றுநீரால் பிழைக்கும் காலோ இவற்றுள் ஒன்றிரண்டினாலேயே மாளும்.

இத்தாலியின் வடபகுதியில் 2020இல் நேர்ந்தது இதற்குச் சான்று. லொம்பார்டி மாகாணத்துப் பிரெசியா நகரம் கொரோனாவால் முதலிற் பெருந்துன்பம் உற்ற ஊர்களுள் ஒன்று. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில், 2020ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் குழாய் அறுவைப் பிரிவினர் தாம் கண்டதை எழுதி வெளியிட்டனர். காலுக்கு இரத்தம் திடீரென நின்றுபோகும் நிலை, முந்திய ஆண்டில் 163 நோயாளருள் 3 பேருக்கே நேர்ந்திருந்தது. 2020இல் 141 பேருள் 23 பேருக்கு நேர்ந்தது. அதாவது நூற்றுக்கு இருவர்க்கும் குறைவாயிருந்தது பதினாறுக்கு மேற்பட்டது. கொரோனாத் தொற்றுடன் கால் அடைபட்டு வந்த 20 பேரைப் பற்றி அவர்கள் விரித்து எழுதியுள்ளனர். அவருள் 17 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 12 பேருக்கே இரத்தவோட்டம் மீண்டது. 8 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். உறைகட்டியை வெளியே இழுத்தெடுக்கும் ஊதுபைக் குழலை ஃபோகார்ட்டி என்னும் அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட நாள்முதல், இத்தகைய அறுவையின் பயன் பெரிதும் உயர்ந்துள்ளது. பிரெசியாவிலோ வல்லவர் செய்தும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வைரஸால் இரத்தத்தின் உறையும் இயல்பு மிகுந்திருந்ததே காரணமென அம்மருத்துவர் கருதினர். முன்பு குழாய்நோய் இருப்பதாக அறியப்படாதாரும் இக்கொரோனாவில் கால் அடைபட்டனர் எனப் பல ஊர்களினின்றும் செய்தி வந்தது. நல்ல குழாய்க்கே அந்நிலை வருமாயின், நைந்த குழாயுடையார் நிலையை என்னென்பது!

இதுகாறும் கூறியது கிருமியின் பங்கு. இனிக் கூறப்போவது நம் பங்கு.

கொள்ளைநோய் வந்தால் மருத்துவமனைகள் தம் பணிகளை வரிசைப்படுத்தி, அவசரமல்லாதவற்றை ஒத்திவைத்தல் இயல்பு. இங்கிலாந்தில் 2020 மார்ச் 17ஆம் நாள் அனுப்பிய ஆணை, அவசரமல்லாத அறுவைகளை ஏப்ரல் நடுப்பகுதி முதல் மூன்று மாதமேனும் ஒத்திவைக்கச் சொல்லியது. படுக்கையும் மூச்சுப்பொறியும் மருத்துவரும் போதாத நிலையில் அது செய்யத்தக்கதே. ஆனால் ‘அவசரமல்லாதது’ என்னும் சொல்லே காலின் பகையாயிற்று. நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் வலிப்பவர் சில மாதம் காத்திருக்கலாம். அதனாற் கால் போவது அரிது. படுக்கையில் வலிப்பவரும் புண்ணுடையாரும் அங்ஙனமல்லர். அவர் கத்தி எடுத்துப் பிழைக்கவேண்டிய நாளும், கால் அழுகி இழக்கும் நாளும் சில வாரங்களே இடைப்பட்டவை. இரு திறத்தாரையும் ‘கால்வலி’ என்னும் ஒரே பெயரால் ஒரே பட்டியலில் அடைத்தல் பெரும் பிழை. நெதர்லாந்தில் ஊரடங்கின்போது வழக்கத்தினும் மிகுதியாகக் கால்கள் துணிக்கப்பட்டன என அந்நாட்டு மருத்துவர் சிலர் 2020இல் கட்டுரை வெளியிட்டனர். அங்கே கால் இழந்தார் யாவரும் வைரஸ் தொற்றியவரல்லர். காலந்தாழ்த்தி வந்தவரும், வர அஞ்சியவரும் அவருட் பலர் ஆவர். தொற்றாமலே கிருமி காலைக் கொண்டுசெல்லும் வழி இதுவே.

மருந்தைப் பற்றிக் கூறப்புகுந்த திருவள்ளுவர் அதனை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவார் என. நான்காமவரை மருந்தின் ஒரு கூறாகவே எண்ணியது அப்புலவரின் நுண்ணறிவு. காலின் நோயில் அந்நான்காமவரே முதல் மருத்துவர். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதம் தன் துன்பத்தைத் தான் கூறாது; முதியவர் குனிந்து தம் உள்ளங்காலைக் காணார். நிறம் மாறியதையும் குளிர்ந்ததையும் மனைவியோ மகளோ பேரனோ காலைத் தடவும்போதுதான் கண்டறிவர். 2020இல் உலகெங்கும் மருத்துவமனைகள் நோயாளரைத் தனிமையில் வைத்து உறவினரை வாயிலில் நிறுத்தின. தொற்றைத் தடுக்க அது வேண்டியதே. ஆயின் அருகிருப்பார் செய்துவந்த வேலையை வேறு எவரிடம் ஒப்படைத்தோம்? முகமூடியும் மேலங்கியும் அணிந்து விரைந்து செல்லும் செவிலியர்க்குப் போர்வை நீக்கிப் பாதம் நோக்க நேரமேது? இவ்வினாவை எழுப்பாமலே நான்கில் ஒரு கூற்றை நாம் மருந்தினின்று நீக்கிவிட்டோம் என்பதே எம் முறைப்பாடு.

“மூச்சுத் திணறி உயிர் ஊசலாடும்போது காலைப் பற்றிப் பேசுவதா?” என்று சிலர் வினவுவர். கால் வேறு, உயிர் வேறு என்று எண்ணுவதால் எழும் வினா இது. இந்நோயால் பெருந்துணிப்புக்கு ஆளானாருள் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுள் இறக்கின்றனர் என்பது மருத்துவர் பலகாலும் கண்டது. இரத்தமற்ற தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மீளாக் கேடுறத் தொடங்கும். மாண்ட தசையின் நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். எனவே காலைக் காத்தல் உயிரைக் காத்தலின் ஒரு பகுதியே. வேறு சிலர், “புகைபிடித்துத் தாமே தேடிக்கொண்ட நோய்தானே?” என்பர். புகை இந்நோயின் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. அதனை விடுதல் முதற்கடமை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நோயாளியின் பழம்பிழையை எண்ணிச் சிகிச்சையின் வரிசையை அமைப்போமாயின், மருத்துவமனை நீதிமன்றமாகிவிடும். அன்றியும், புகையைத் தொடாத நீரிழிவாளர் இந்நோயுடையாருட் பலர் உளர்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இன்புளுவென்சாத் தடுப்பூசியைப் பற்றி 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரும்பாலும் மாரடைப்புற்றவராகிய 2,500க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்தது. ஓராண்டில் இறப்பு, மாரடைப்பு முதலிய கேடுகள் ஊசி பெற்றாருள் நூற்றுக்கு 5.3, பெறாதாருள் 7.2. புறத்தமனி நோயாளர் ஆண்டுதோறும் இவ்வூசி பெறவேண்டும் என அமெரிக்க இதய மருத்துவ அமைப்புக்கள் 2016இலேயே அறிவுறுத்தின. “ஊசியே இரத்தத்தை உறையச் செய்யும் என்றார்களே?” என்பார்க்கு விடை இது: 2021இல் கொரோனாத் தடுப்பூசிகளுள் ஒருவகை, இலட்சத்தில் ஓரிருவர்க்கு அத்தகைய கேடு செய்தது உண்மை, அதனை மருத்துவர் மறைக்கவில்லை. ஆயின் கொரோனா நோயே விளைக்கும் உறைவு அதனினும் பன்மடங்கு மிகுதி. சிறிய அச்சத்தால் பெரிய இடரைத் தழுவுதல் அறிவுடைமையாகாது.

ஆகவே செய்யத்தக்கன யாவை? கடுமையான புறத்தமனி நோயுடையார்க்குக் காய்ச்சல் வந்தால், வீட்டாயினும் மருத்துவமனையாயினும், நாள்தோறும் இருமுறை பாதத்தைத் திறந்து நோக்குக. நிறம் வெளுத்ததா, குளிர்ந்ததா, நாடி குன்றியதா, மரத்ததா, விரல்கள் அசையவில்லையா, புதுவலி தோன்றியதா எனக் காண்க. இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று இராமல் மருத்துவரிடம் செல்க. நீர் பருகலாகாதென மருத்துவர் விலக்காதவரை போதிய நீர் பருகுக. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் காலின்கீழ்த் தலையணை இடுக. காலைச் சூடேற்ற வெந்நீர்ப் பையோ அனலோ வைக்கற்க. உணர்ச்சியற்ற தோல் வெந்துவிடும். உறைவைத் தடுக்க முன்னரே உண்டுவரும் மருந்துகளை மருத்துவரைக் கேளாது நிறுத்தற்க. ஆளுவோரும் மருத்துவமனைத் தலைவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு: படுக்கையில் வலியும் பாதத்திற் புண்ணும் உடையாரை ஒத்திவைக்கும் பட்டியலினின்று நீக்கி, கொள்ளைநோய்க் காலத்தும் அடைபடாத ஒரு வாயிலை அவர்க்கென வைத்தல்.

இவை இன்றே செய்யத்தக்கன. 2020 சனவரி 30ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த கொரோனா அவசரநிலை 2023 மே 5ஆம் நாள் முடிவுற்றது. முடிவுற்றது அவசரநிலையே, வைரஸ் அன்று. இன்புளுவென்சாவோ ஆண்டுதோறும் வருகிறது. நம் நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டோர் என 2023இல் வெளியான கணக்கு கூறுகிறது. அவருட் பலர்க்குக் காலின் குழாய் குறுகிவருவது அவர்க்கே தெரியாது. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கி வண்டிகள் நின்றபொழுது, மருத்துவமனைக்குச் செல்ல இயலாது தவித்தார் துன்பம் நம் நினைவினின்று அகலவில்லை. அடுத்த கொள்ளைநோய் எந்நாள் வருமென்று யாரும் கூறவியலாது. வரும்போது யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கலாகாது என்று எண்ணி ஆராய அவகாசமும் இராது. பட்டியல் எழுதவேண்டிய காலம் இந்த அமைதிக் காலமே. அப்பட்டியலில் மூச்சுக்கு முதலிடம் தருக, மறுப்பாரில்லை. ஆனால் இருளில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உறங்காதிருக்கும் முதியவரின் பெயரும் அதில் இடம்பெறுதல் வேண்டும். அது மறுபக்கத்திலும் அடுத்த மாதத்திலும் அன்று. முதற்பக்கத்திலேயே எழுதப்பெறுதல் வேண்டும்.